மடக்கக் கூடாது என்று சொன்னேன்

முழங்காலைப் பற்றி யாரும் நல்லபடியாகப் பேசுவதில்லை. வலிக்கும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் வருகிறது. பிசியோதெரபிஸ்டான எனக்குப் பதினான்கு வருடமாகப் பிழைப்பே முழங்கால்கள்தான் என்பதால் சொல்கிறேன், உடம்பில் அதைப்போல் சொன்ன பேச்சைக் கேட்கிற மூட்டு வேறு இல்லை. தோள்பட்டை முரண்டு பிடிக்கும். கணுக்கால் ஏமாற்றும். முழங்கால் அப்படியல்ல. தினமும் கொஞ்சம் மடக்கினால் மடங்கும். மடக்காமல் விட்டால் மடங்காது. அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்வதைவிட எனக்கும் இதுவே வசதி. என் கணவரை ‘அவர்’ என்று எழுத ஆரம்பித்து இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. நாங்கள் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். வீட்டில் வா, போ என்றுதான் பேச்சு. அதனால் அவன் என்றே எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவன் லிப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடி, இருபது மாடிக் கட்டடங்களில் லிப்ட் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது சட்டையில் கிரீஸ் வாசம் அடிக்கும். எட்டு வருடம் அந்தச் சட்டைகளை நான்தான் துவைத்தேன். இதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கு அந்த வாசம் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் எதிரே வந்து உட்கார்ந்தான். போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக அதை மடித்து முடித்தோம். அதன் பிறகு சொன்னான்.

“நான் கிளம்பலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“இங்கேருந்து. வேற ஊர்ல இதே கம்பெனில ஒரு இடம் காலியா இருக்கு. கேட்டிருக்கேன்.”

யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்போல.

“யாரும் இல்ல. சத்தியமா யாரும் இல்ல. நான் எங்க நிக்கிறேன், என்ன யோசிக்கிறேன், யார்கிட்ட சிரிச்சேன்னு நீ பாத்துக்கிட்டே இருக்க. எட்டு வருஷமா பாத்துக்கிட்டே இருக்க. வீட்டுக்குள்ள வந்தா எனக்கு மூச்சு முட்டுது. உன் மேல கோபம் எல்லாம் இல்ல.”

கோபம் இல்லை என்று அவன் சொன்னதுதான் என்னைப் படுத்தியது. கோபம் என்றால் தணியும். வேறு ஒருத்தி இருந்தால் அவளைத் திட்டலாம், அழலாம், அவள் முகத்தைப் பார்த்து என் முகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இங்கே எதிரில் யாருமே இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

என் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அவளுக்கு விவாகரத்து ஆகி ஐந்து வருடம். இந்த விஷயத்தில் அவள் பெரிய வாத்தியார். “அவனை விட்டுடுடி. கெஞ்சாத. அவன் நம்பரை அழிச்சிடு. ஒரு நோட்டு வாங்கி மனசுல இருக்கறதை எல்லாம் எழுது. முடியை வெட்டிக்கோ, எங்கயாவது ஊருக்குப் போ. காலம் எல்லாத்தையும் ஆத்திடும்” என்றாள். நான் சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். அக்கா நல்லவள். ஆனால் அவளுக்கு ஆறுவது என்றால் என்னவென்று தெரியாது. அசைக்காமல் விட்ட இடம் ஆறாது. உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம். இது படித்துத் தெரிந்துகொண்டதல்ல, தினமும் கையால் தொட்டுப் பார்க்கிற விஷயம்.

ஒன்பது நாள் கழித்து அவன் விழுந்தான். அதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவன் கூட வேலை பார்க்கிற ஏணியைக் கேட்டால் சொல்வான். ஆள் ஆறடிக்கு மேல் உயரம், அதனால் கம்பெனியில் அவனுக்கு ஏணி என்றுதான் பெயர். லிப்டுக்குக் கீழே இருக்கும் குழியில் இறங்கும்போது என் கணவனுக்குக் கால் வழுக்கியிருக்கிறது. வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் தலைப்பகுதி இரண்டாகப் பிளந்துவிட்டது. தகடு வைத்து ஏழு திருகுகள் போட்டார்கள்.

மயக்கம் தெளிந்த மறுநாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். “கால் சரியானதும் போயிடறேன். அதுவரைக்கும் வீட்ல இருக்கலாமா?”

“இது உன் வீடுதானே” என்றேன்.

அவன் சொன்னதை அன்று முழுக்க மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கால் சரியானதும். அதில் தேதி இல்லை, மாதம் இல்லை. ஒரு மூட்டு மட்டும்தான் இருந்தது. அது என் கைக்கு வந்துகொண்டிருந்தது.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு இரண்டு விஷயங்கள் சொல்வோம். மூன்று மாதம் அந்தக் காலில் எடை வைக்கக் கூடாது. ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்தே முழங்காலை மடக்கிப் பழக வேண்டும். நோயாளிகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஊன்றக் கூடாது என்றால் மடக்கவும் கூடாது என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் பத்து தடவை எடுத்துச் சொல்லிப் புரியவைப்போம். அவனுக்கு நான் புரியவைக்கவில்லை. டாக்டர் எழுதித் தந்த தாளை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். “மடக்கக் கூடாது, திருகு நகந்துடும்” என்றேன். காலைச் சுற்றிப் போடும் பிரேஸில் பக்கவாட்டில் ஒரு வட்டப் பூட்டு இருக்கும். அதைத் திருப்பித்தான் எவ்வளவு மடங்கலாம் என்று வைப்போம். நான் அதைப் பூஜ்யத்தில் வைத்துப் பூட்டினேன்.

அவனை நான் துன்புறுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டேன். எனக்குத் தேவைப்பட்டது அவகாசம்.

அந்த மூன்று மாதங்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். காலையில் அவனை எழுப்பி உட்காரவைப்பேன். என் தோளில் கை போட்டுத்தான் குளியலறைக்கு வருவான். முதுகு தேய்த்துவிடுவேன். மதியம் கிளினிக்கிலிருந்து வந்து சாப்பாடு போட்டுவிட்டு மறுபடி போவேன். நான் சாவியைப் போடும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து “வந்துட்டியா?” என்பான். எட்டு வருடத்தில் அவன் அப்படிக் கேட்டதே இல்லை. எப்போதும் நான்தான் கேட்பேன். ஒரு நாள் நான் முடி வெட்டிவிட்டதில் ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாகப் போய்விட, கண்ணாடியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். “லெவல் பாக்கறதுக்கு என்னைக் கேட்டிருக்கலாம்ல” என்றான். நானும் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிரிகிறவர்கள் இப்படிச் சிரிப்பார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

அத்தை, அதாவது அவன் அம்மா, பத்து நாள் வந்து இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இந்தக் கை இல்லேன்னா என் புள்ள நொண்டியாயிருப்பான்மா” என்றார். எனக்கு அப்போது ஏதோ செய்தது. எழுதத்தான் வேண்டும். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று மாலையே பூட்டைத் திறந்துவிடுவது என்று தீர்மானித்தேன். வந்து பார்த்தால் அவன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். “இல்ல சார், கண்டிப்பா வந்துடுவேன். கால் மட்டும் ஊனட்டும்” என்று அந்த ஊர் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பிரேஸின் பட்டைகளை இறுக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

டாக்டரிடம் ஆறாவது வாரம் ஒரு முறை, பன்னிரண்டாவது வாரம் ஒரு முறை போனோம். வாசலில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்றார். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். என்னை அவருக்குத் தெரியும். “எவ்வளவு மடங்குது?” என்று அவனை உள்ளே கூப்பிடாமல் என்னைக் கேட்டார். முதல் முறை எழுபது என்றேன். இரண்டாம் முறை தொண்ணூற்றைந்து என்றேன். அவன் வெளியே சக்கர நாற்காலியில் இருந்தான். அவனுடைய பயிற்சி அட்டையிலும் அப்படியே எழுதினேன். அது என் கையெழுத்துதான். உண்மையில் முப்பத்தைந்து டிகிரிதான் மடங்கியது. அதை அவர் அறிந்திருந்தால் மயக்க மருந்து கொடுத்து மெல்ல மடக்கிவிட்டிருப்பார். அதற்கு ஒரு பருவம் உண்டு. அது கடந்துபோனால் பிறகு கத்திதான். அந்தப் பருவம் கடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும். வாரம் வாரமாகத் தெரியும்.

என் கோப்புகளில் ஒரு தபால்காரரின் அட்டையை நீங்கள் தனியாக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அதே எலும்பு, அதே வாரம், அதே டாக்டர். தினமும் காலை பத்து மணிக்கு என் கிளினிக்குக்கு வருவார். நாலாவது வாரம் தொண்ணூறு, பன்னிரண்டாவது வாரம் நூற்று முப்பது. இப்போது சைக்கிள் மிதிக்கிறார். அவருக்கு எப்படி அவ்வளவு சரியாகச் செய்தீர்கள் என்று உங்கள் பக்கத்திலிருந்தவர் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தபால்காரர் போனால் எனக்கென்ன?

ஏணி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். நாலாவது மாதத் தொடக்கத்தில் ஒரு நாள், காபியை வாங்கிக்கொண்டே கேட்டான். “அண்ணி, எங்க அம்மாவுக்கு முட்டில ஆபரேஷன் பண்ணப்போ ரெண்டாவது வாரமே மடக்கச் சொன்னாங்களே? இவனுக்கு மட்டும் ஏன் இன்னும் கட்டையாட்டம் நீட்டி வெச்சிருக்கீங்க?”

“அவங்களுக்குத் தேஞ்ச முட்டி. இவனுக்கு ஒடஞ்ச எலும்பு. ரெண்டும் ஒண்ணா?”

“அதுசரி” என்றான் அவன். ஆனால் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம், வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்கு வந்தேன். உள்ளேயிருந்து “வந்துட்டியா?” வரவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பிரேஸ் தரையில் கிடந்தது. கணுக்காலில் ஒரு துண்டைச் சுற்றி இரண்டு முனைகளையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்தில் ஃபோனில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஏணி அனுப்பியது.

“பாரு, அறுபது இருக்கும்ல?” என்றான். சின்னப் பிள்ளை பரீட்சை மார்க்கைக் காட்டுவதுபோல் காட்டினான். அறுபத்திரண்டு இருந்தது. நான் கண்ணாலேயே அளந்துவிடுவேன்.

“ஏன் என்னை மடக்கவே சொல்லல நீ?”

“உன் எலும்பு ஒடைஞ்ச விதம் வேற. பயந்தேன்.”

நம்பினான். சட்டென்று நம்பிவிட்டு, “உனக்கு எப்பவுமே பயம்” என்று என் கன்னத்தைத் தட்டினான். பிறகு சொன்னான். “இன்னும் ரெண்டு வாரத்துல படி எறங்கிடுவேன்ல? ஒண்ணாம் தேதி வரைக்கும்தான் இடத்தை வெச்சிருப்போம்னு சொல்லிட்டாங்க.”

நாங்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிப்ட் ஓட்டிவிடுகிறவனுக்கு வாய்த்த வீடு என்று அவனே சொல்லிச் சிரிப்பான். படி இறங்க எண்பது டிகிரி வேண்டும். அவன் போகிற வேகத்தில் இரண்டு வாரம்கூட ஆகாது.

அன்று நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். ஒன்றும் நினைக்கவில்லை. சோறு வடித்தேன். துணி ஊறவைத்தேன். அவன் போன பிறகு அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தேன். குளியலறையில் அவன் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தால் யாரும் எதுவும் கேட்காத வீடு. எனக்கு வயது முப்பத்தொன்பது. நோட்டு வாங்கி எழுதி அதை ஆற்றிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலை பதினோரு மணி. கிளினிக்குக்கு விடுமுறை சொல்லிவிட்டேன். “ஒரே நாள்ல எண்பது கொண்டுவந்துடலாம், நான் பண்ணிவிடறேன்” என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. முழங்காலில் கால் மணி நேரம் வெந்நீர்ப் பை வைத்தேன். குப்புறப் படுக்கச் சொன்னேன். ஒரு கையால் தொடையை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் கணுக்காலைப் பிடித்து அவன் முதுகுப் பக்கமாக மடக்கினேன். அறுபத்தைந்து வந்தது. எழுபது வந்தது. எழுபத்தைந்தில் “போதும்” என்றான். தலையணையில் முகம் புதைந்திருந்ததால் குரல் மெல்லத்தான் கேட்டது. எண்பதில் மறுபடி “போதும்டி” என்றான். கட்டில் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். நிறுத்த வேண்டிய இடம் ஒன்று ஒவ்வொரு முழங்காலுக்கும் உண்டு. கையில் அது தெரியும். ரப்பர்போல் இருந்தது கயிறுபோல் ஆகும். அங்கே விட்டுவிட வேண்டும். எனக்கு அந்த இடம் தெரிந்தது. மூன்றாம் முறையும் “போதும்” என்றான். நான் என் எடையை அதன்மேல் வைத்தேன்.

ஈரத் துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். முழங்கால் சில்லைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் தசைநாண் அறுந்தது.

நானேதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் நானேதான் கையெழுத்துப் போட்டேன். மறுபடி அறுத்துத் தைத்தார்கள். ஆறு வாரம் காலை மடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். இந்த முறை பிரேஸைப் பூட்டச் சொன்னது அவர்தான், நானல்ல. அதைக் கேட்டபோது எனக்குள் என்ன இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி இருந்தது. நாலைந்து மாதத்தில் முதல் முறையாகச் சாப்பாடு ருசித்தது.

டாக்டருக்கு உதவியாக இருந்த ஒரு பெண் அட்டையைப் புரட்டிக்கொண்டே அவனிடம் கேட்டாள். “பன்னெண்டாவது வாரம் தொண்ணூத்தஞ்சு மடங்கியிருக்கே சார், அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?”

“தொண்ணூத்தஞ்சா? எனக்கு அப்ப பாதிகூட வந்ததில்லையேம்மா” என்றான்.

பிறகு என்னைப் பார்த்தான். நான் அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வழியாமல் ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நாலு நாள் அவன் ஏணியோடு மட்டும்தான் ஃபோனில் பேசினான். ஐந்தாம் நாள் காலை ஏணி வந்தான். காபி வேண்டாம் என்றான். அண்ணி என்றும் சொல்லவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான். தூக்கிக்கொண்டு போகிறேன் என்று ஏணி சொன்னதற்கு என் கணவன் மறுத்துவிட்டிருக்கிறான். வலது காலை நேராக நீட்டிக்கொண்டு முதல் படியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தான். அப்படியே ஒவ்வொன்றாக. ஐம்பத்து நான்கு படிகள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மணிக்கட்டைத் தப்பாக ஊன்றினான். “கைய உள்பக்கமா திருப்பி வை, மணிக்கட்டு போயிடும்” என்று மேலேயிருந்து சொன்னேன். எட்டாவது படியில் நிறுத்தினான். திரும்பாமலே கேட்டான்.

“மூணு தடவ போதும்னு சொன்னேன். கேட்டுச்சா?”

நான் அவனிடம் அதிகம் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

“கேட்டுச்சு” என்றேன்.

அவன் தோள்கள் ஏறி இறங்கின. பிறகு ஒன்பதாவது படிக்குப் போனான். கீழே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. நான் மேல்படியிலேயே நின்றேன். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பான் என்று இருந்தேன்.

ஆக, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் ஆம் என்பதே. தெரிந்தேதான் மடக்கவிடாமல் வைத்தேன். தெரிந்தேதான் அட்டையில் பொய் எழுதினேன். வியாழக்கிழமை தெரிந்தேதான் அழுத்தினேன். என் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போலீஸுக்கு அனுப்புவதென்றாலும் அனுப்புங்கள். நான் வக்கீல் வைக்கப் போவதில்லை. அவன் முன்னால் யாரோ எனக்காக வாதாடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். அவன் இப்போது அத்தையோடு இருப்பதாகவும், உள்ளே ஒட்டிக்கொண்டதை எடுக்க மூன்றாவது அறுவை சிகிச்சை செய்யப் போவதாகவும் உங்கள் குழுவில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அதன் பிறகு ஒரு வருடம் தினமும் பயிற்சி வேண்டும். நாள் தவறக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த முழங்காலைப் பற்றி என்ன தெரியும்? அது எங்கே இறுகும், எங்கே நழுவும், எந்த இடத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று நான் பொறுமை இழந்தேன், அது ஒன்றுதான் என் தவறு. அவனை என்னிடம் அனுப்பிவையுங்கள். இந்த முறை நான் அவசரப்பட மாட்டேன்.